பார்ட்டிஷன் அளவை மாற்றியபின் டூயல் பூட் கணினி எழுந்திருக்கவில்லையா? ரீஇன்ஸ்டால் செய்வதற்கு முன் இதைப் படியுங்கள்

விண்டோஸ் பக்கம் இடம் சும்மா கிடக்கிறது, லினக்ஸ் பக்கம் மூச்சு முட்டுகிறது. பார்ட்டிஷன் மாற்றும் மென்பொருளான ஜிபார்ட்டெடைத் திறந்து ஒன்றைச் சுருக்கி மற்றதை நீட்டினீர்கள், அதுவும் எல்லாம் சரியாக முடிந்தது என்றுதான் சொன்னது. ரீஸ்டார்ட் செய்தால் கறுப்புத் திரை, அதில் "கிரப் ரெஸ்க்யூ" என்று ஒரே ஒரு வரி. இல்லையென்றால் நீலத் திரையும் ஒரு எண்ணும். அதுவும் இல்லையென்றால் பூட் செய்ய டிஸ்க்கே இல்லை என்கிறது.

இந்த இடத்தில்தான் நிறையப் பேர் பதறிப்போய் இன்ஸ்டால் பென் டிரைவைச் செருகி எல்லாவற்றையும் முதலிலிருந்து போட ஆரம்பிக்கிறார்கள். பல வருடத்துப் படங்களும் வேலையும் அதில்தான் போகின்றன, பார்ட்டிஷனை மாற்றியதில் அல்ல. அளவு மாற்றும் வேலை நடுவில் தடைபடாமல் முடிந்திருந்தால் உங்கள் ஃபைல்கள் அநேகமாக அப்படியே இருக்கும். மாறியது விலாசம் மட்டும்தான். கணினியை எழுப்புகிற சிறிய நிரல் (லினக்ஸோடு வரும் இதன் பெயர் கிரப்) பழைய விலாசத்துக்குப் போய்க் கதவைத் தட்டுகிறது, அங்கே யாரும் இல்லை, அப்படியே நின்றுவிடுகிறது. புது விலாசத்தை அதற்குச் சொல்லிக்கொடுத்தால் போதும், பெரும்பாலும் ஒரு மணி நேரத்துக்குள் முடிகிற வேலை.

கட்டளைகளை எல்லாம் இங்கே ஒலிக்கிறபடி தமிழ் எழுத்தில் கொடுத்திருக்கிறேன், கணினியில் அடிக்கும்போது அவற்றுக்கு உரிய ஆங்கில எழுத்துகளில் அடியுங்கள்.

எந்தக் கண்ணி அறுந்தது?

உங்கள் கணினி பழைய பயாஸ் முறையில் பூட் ஆகிறதா, புதிய யூஇஎஃப்ஐ முறையிலா என்பதைப் பொறுத்துப் பிரச்சினையே வேறாகிவிடும், அதனால் இதைக் கொஞ்சம் பொறுமையாகப் பார்த்துவிடலாம்.

பழைய முறையில் டிஸ்க்கின் முதல் செக்டர்தான் எல்லாம். அதன் அளவு 512 பைட். அதில் பூட் நிரலுக்கு 446 பைட், பார்ட்டிஷன் அட்டவணைக்கு 64 பைட், கடைசி 2 பைட் ஓர் அடையாளக் குறி. 446 பைட்டுக்குள் கிரப் முழுவதையும் அடைக்க முடியாது. அதனால் அது தன் இரண்டாவது துண்டை முதல் பார்ட்டிஷன் ஆரம்பிப்பதற்கு முன்னால் இருக்கிற காலி இடத்தில் வைத்துக்கொள்கிறது. அந்தத் துண்டுக்குள் "என் மீதிப் பாகங்கள் இத்தனையாம் எண் பார்ட்டிஷனில், இந்த ஃபோல்டரில் இருக்கின்றன" என்று எழுதியிருக்கும். எண்ணால் எழுதியிருக்கும் என்பதைக் கவனியுங்கள். இந்தப் பழைய வகை அட்டவணை உள்ள எம்பிஆர் டிஸ்க்கில் லாஜிக்கல் பார்ட்டிஷன்களின் (பெரிய பார்ட்டிஷன் ஒன்றுக்குள் உருவாக்கியவை) எண் 5-இல் தொடங்கும். உங்கள் லினக்ஸ் 6-ஆம் எண்ணில் இருக்கிறது, இடம் சேர்ப்பதற்காக 5-ஐ அழித்துவிட்டீர்கள் என்றால் 6 தானாகவே 5 ஆகிவிடும். லினக்ஸ் ஓர் அங்குலம்கூட நகரவில்லை, ஆனால் கிரப் 6-ஐத் தேடிக்கொண்டு போகிறது. நான் பார்த்த "கிரப் ரெஸ்க்யூ" கதைகளில் பாதிக்கு மேல் இதுதான்.

யூஇஎஃப்ஐ முறையில், அதாவது புது வகை அட்டவணையான ஜிபிடி உள்ள டிஸ்க்கில், ஒன்றை அழித்தாலும் மற்றவற்றின் எண் மாறாது, நடுவில் ஒரு எண் விடுபட்டு நிற்கும், அவ்வளவுதான். அங்கே கிரப் ஒரு தனிச் சிறிய ஃபேட்32 பார்ட்டிஷனில் இருக்கிறது (இனி இதை இஎஃப்ஐ பார்ட்டிஷன் என்றே சொல்கிறேன், விண்டோஸ் உருவாக்கியதாக இருந்தால் பெரும்பாலும் 100 எம்பி). உபுண்டு போன்றவற்றில் அதற்குள் ஒரு குட்டி கான்ஃபிக் ஃபைல் இருக்கும், லினக்ஸ் பார்ட்டிஷனின் யூயூஐடியை (அதன் ஃபைல் சிஸ்டத்துக்கு உரிய தனி அடையாள எண்) சொல்லி "அதைத் தேடிப் போ" என்று அனுப்புவது மட்டும்தான் அதன் வேலை. அளவை மாற்றினால் யூயூஐடி மாறாது. ஃபார்மேட் செய்தால், அழித்துப் புதிதாக உருவாக்கினால் மாறும். ஆகவே ஜிபிடி டிஸ்க்கில் வெறும் அளவு மாற்றத்தால் கிரப் கெடுவது அபூர்வம். கெட்டிருந்தால் எதையோ அழித்து மறுபடி உருவாக்கியிருப்பீர்கள், அல்லது இஎஃப்ஐ பார்ட்டிஷனைத் தொட்டிருப்பீர்கள், அல்லது பூட் வரிசையில் விண்டோஸ் முன்னால் வந்து உட்கார்ந்திருக்கும்.

இப்போது திரையில் என்ன வருகிறது என்று பாருங்கள், அதுவே பாதி விடை. "கிரப் ரெஸ்க்யூ" என்று வந்தால் கிரப் தன் பாகங்கள் இருக்கும் ஃபோல்டரையே கண்டுபிடிக்கவில்லை. ரெஸ்க்யூ என்ற சொல் இல்லாமல் வெறும் "கிரப்" என்று வந்தால் பாகங்கள் கிடைத்துவிட்டன, மெனு எழுதியிருக்கும் கான்ஃபிக் ஃபைல்தான் கிடைக்கவில்லை, இது இன்னும் எளிது. மெனு வந்து, லினக்ஸைத் தேர்ந்தெடுத்தபின் ஒன்றரை நிமிடம் எதற்கோ காத்திருந்துவிட்டு எமர்ஜென்சி மோடில் விழுந்தால் கிரப்பில் குறையே இல்லை, எந்தப் பார்ட்டிஷனை எங்கே இணைப்பது என்று லினக்ஸ் எழுதிவைத்திருக்கும் எஃப்எஸ்டேப் ஃபைலில் இருக்கிறது. பிஸிபாக்ஸ் என்று சொல்லி "இனிட்ராம்எஃப்எஸ்" வரியில் நின்றால் ரூட் பார்ட்டிஷனின் (லினக்ஸ் இருக்கும் முதன்மைப் பார்ட்டிஷன்) யூயூஐடி பொருந்தவில்லை, அல்லது அதன் ஃபைல் சிஸ்டம் அடிபட்டிருக்கிறது. லினக்ஸ் நன்றாக ஓடி விண்டோஸ் மட்டும் 0எக்ஸ்சி000000இ, 0எக்ஸ்சி0000225 போன்ற எண்ணுடன் நின்றால் அது விண்டோஸின் பூட் பதிவேடான பிசிடி. மெனுவே வராமல் நேராக விண்டோஸ் வந்தால், கவலையே வேண்டாம், வரிசை மாறியிருக்கிறது.

தொடுவதற்கு முன்

வேறொரு கணினியில் ஒரு லினக்ஸ் லைவ் பென் டிரைவ் (இன்ஸ்டால் செய்யாமலே லினக்ஸை ஓட்டுவது) தயார் செய்துகொள்ளுங்கள், விண்டோஸும் பூட் ஆகவில்லை என்றால் விண்டோஸ் இன்ஸ்டால் பென் டிரைவ் ஒன்றும். விண்டோஸ் பார்ட்டிஷனில் பிட்லாக்கர் பூட்டு இருந்தால் அதன் 48 இலக்க ரெக்கவரி கீ கையில் இருக்கிறதா என்று இப்போதே பாருங்கள், ஏனென்றால் பூட் அமைப்பை மாற்றினாலே அது அந்தக் கீயைக் கேட்கக்கூடும், அது இல்லாமல் உள்ளே போக வேறு வழி கிடையாது.

லைவ் பென் டிரைவை உங்கள் கணினி வழக்கமாக எந்த முறையில் பூட் ஆகுமோ அதே முறையில் பூட் செய்யுங்கள். பூட் மெனுவில் ஒரே பென் டிரைவ் இரண்டு முறை தெரியும், ஒன்றின் முன்னால் யூஇஎஃப்ஐ என்று இருக்கும். தவறான முறையில் உள்ளே போனால் பின்னால் கிரப்பை நிறுவும்போது அது தவறான வகையில் நிறுவப்படும், நீங்கள் எல்லாம் சரியாகச் செய்தும் ஏன் வரவில்லை என்று மண்டையை உடைத்துக்கொள்வீர்கள். உள்ளே போனதும் டெர்மினலில் இதைப் பாருங்கள்:

எல்எஸ் /சிஸ்/ஃபர்ம்வேர்/இஎஃப்ஐ

ஏதாவது பட்டியல் வந்தால் யூஇஎஃப்ஐ, அப்படி ஒன்று இல்லை என்று சொன்னால் பயாஸ்.

அடுத்து, முக்கியமான ஃபைல்கள் தெரிகின்றனவா என்று ஃபைல் மேனேஜரில் திறந்து பாருங்கள். தெரிந்தால் வேறு எதுவும் செய்வதற்கு முன்னால் அவற்றை வெளி டிரைவுக்குக் காப்பி எடுங்கள். "பூட்தானே போயிருக்கிறது, அதைச் சரிசெய்துவிட்டு எடுத்துக்கொள்ளலாம்" என்று தோன்றும், வேண்டாம், இப்போதே எடுங்கள். கூடவே பார்ட்டிஷன் அட்டவணையையும் ஒரு ஃபைலில் எழுதிவையுங்கள்:

சூடோ எஸ்எஃப்டிஸ்க் -டி /டெவ்/எஸ்டிஏ > அட்டவணை.டிஎக்ஸ்டி

என்விஎம்இ டிரைவாக இருந்தால் எஸ்டிஏ என்ற இடத்தில் என்விஎம்இ0என்1 என்று வரும். இந்தச் சின்ன ஃபைலையும் வெளி டிரைவில் போடுங்கள், லைவ் பென் டிரைவில் சேமித்தது ரீஸ்டார்ட் செய்தால் போய்விடும். அப்புறம் "எல்எஸ்பிஎல்கே -எஃப்" என்று அடித்து எந்த எண்ணில் எந்த ஃபைல் சிஸ்டம், என்ன யூயூஐடி என்பதை ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். பின்னால் ஒவ்வொரு இடத்திலும் அந்தத் தாள் தேவைப்படும்.

ரெஸ்க்யூ வரியிலிருந்தே வெளியே வருவது

லைவ் பென் டிரைவ் கையில் இல்லாவிட்டாலும் இதைச் செய்யலாம். ரெஸ்க்யூ நிலையில் கிரப்புக்குத் தெரிந்தவை எல்எஸ், செட், அன்செட், இன்ஸ்மாட் என நாலே நாலு கட்டளைகள்தான், டேப் விசை பெயரை நிரப்பித் தராது, எழுத்துப்பிழை இல்லாமல் அடிக்க வேண்டும்.

முதலில் "எல்எஸ்" மட்டும் அடியுங்கள். (ஹெச்டி0) (ஹெச்டி0,எம்எஸ்டாஸ்1) (ஹெச்டி0,எம்எஸ்டாஸ்5) என்று வரிசையாகக் காட்டும். ஒவ்வொன்றையும் கடைசியில் சாய்கோட்டோடு தட்டிப் பாருங்கள்:

எல்எஸ் (ஹெச்டி0,எம்எஸ்டாஸ்5)/

விண்டோஸ் பார்ட்டிஷனைத் தட்டினால் "தெரியாத ஃபைல் சிஸ்டம்" என்று சொல்லும், பயப்படாதீர்கள், என்டிஎஃப்எஸ்ஸைப் படிக்கிற பாகம் இன்னும் ஏறவில்லை, அவ்வளவே. ஈடிசி, ஹோம், பூட் என்ற ஃபோல்டர் பெயர்கள் எங்கே வருகின்றனவோ அதுதான் லினக்ஸ். அது 5 என்று வைத்துக்கொள்வோம்:

செட் ரூட்=(ஹெச்டி0,எம்எஸ்டாஸ்5)
செட் ப்ரிஃபிக்ஸ்=(ஹெச்டி0,எம்எஸ்டாஸ்5)/பூட்/கிரப்
இன்ஸ்மாட் நார்மல்
நார்மல்

சமக் குறிக்கு இரண்டு பக்கமும் இடைவெளி விடக் கூடாது. நான்காவது வரி முடிந்ததும் பழைய மெனு அப்படியே வந்து நிற்கும், அதைப் பார்க்கும்போது வருகிற நிம்மதி தனி. /பூட் ஃபோல்டருக்கென்று தனிப் பார்ட்டிஷன் வைத்திருந்தால் ப்ரிஃபிக்ஸில் பூட் என்ற பகுதி வராது, நேராக /கிரப் என்று எழுதுங்கள். பிடிஆர்எஃப்எஸ் ஃபைல் சிஸ்டத்தில் உபுண்டு வகை லினக்ஸ் வைத்திருந்தால் /@/பூட்/கிரப் என்று இருக்கும். ஃபெடோராவில் ஃபோல்டரின் பெயர் கிரப்2.

ரெஸ்க்யூ இல்லாத வெறும் "கிரப்" வரியாக இருந்தால் ஒரே கட்டளை போதும்:

கான்ஃபிக்ஃபைல் (ஹெச்டி0,ஜிபிடி5)/பூட்/கிரப்/கிரப்.சிஎஃப்ஜி

இது தற்காலிக வைத்தியம்தான். அடுத்த ரீஸ்டார்ட்டில் மறுபடி அதே கறுப்புத் திரை வரும். அதனால் லினக்ஸுக்குள் போனதும் டெர்மினலைத் திறந்து, பயாஸ் கணினியாக இருந்தால் "சூடோ கிரப்-இன்ஸ்டால் /டெவ்/எஸ்டிஏ", அடுத்து "சூடோ அப்டேட்-கிரப்". எஸ்டிஏ என்று டிஸ்க்கின் பெயரைத்தான் கொடுக்க வேண்டும், எஸ்டிஏ5 என்று பார்ட்டிஷன் எண்ணோடு கொடுக்காதீர்கள், இந்தப் பிழையை நிறையப் பேர் செய்கிறார்கள்.

லைவ் பென் டிரைவிலிருந்து கிரப்பை மறுபடி நிறுவுவது

மேலே சொன்னது பலிக்கவில்லை என்றால் இந்த வழி. உங்கள் டிஸ்க்கில் இருக்கிற லினக்ஸுக்குள் வெளியிலிருந்து நுழைந்து, அதற்குள் இருந்தபடியே கிரப்பை நிறுவப் போகிறோம். ரூட் பார்ட்டிஷன் எஸ்டிஏ5, இஎஃப்ஐ பார்ட்டிஷன் எஸ்டிஏ1 என்று வைத்து எழுதுகிறேன், உங்கள் தாளில் இருக்கிற எண்களைப் போட்டுக்கொள்ளுங்கள்.

சூடோ மவுன்ட் /டெவ்/எஸ்டிஏ5 /எம்என்டி
சூடோ மவுன்ட் /டெவ்/எஸ்டிஏ1 /எம்என்டி/பூட்/இஎஃப்ஐ
சூடோ மவுன்ட் --ஆர்பைண்ட் /டெவ் /எம்என்டி/டெவ்
சூடோ மவுன்ட் --ஆர்பைண்ட் /ப்ராக் /எம்என்டி/ப்ராக்
சூடோ மவுன்ட் --ஆர்பைண்ட் /சிஸ் /எம்என்டி/சிஸ்
சூடோ சிஹெச்ரூட் /எம்என்டி

இரண்டாவது வரி யூஇஎஃப்ஐ கணினிக்கு மட்டும். /பூட் ஃபோல்டருக்குத் தனிப் பார்ட்டிஷன் இருந்தால் அதையும் /எம்என்டி/பூட் என்ற இடத்தில் மவுன்ட் செய்ய வேண்டும், இஎஃப்ஐ வரிக்கு முன்னால். கடவுச்சொல் கொடுத்து என்கிரிப்ட் செய்த லினக்ஸாக இருந்தால் முதலில் "சூடோ கிரிப்ட்செட்அப் ஓப்பன்" கொண்டு திறந்துகொள்ளுங்கள்.

சிஹெச்ரூட் ஆனபின் பயாஸில் "கிரப்-இன்ஸ்டால் /டெவ்/எஸ்டிஏ", யூஇஎஃப்ஐயில் டிஸ்க் பெயர் இல்லாமல் வெறும் "கிரப்-இன்ஸ்டால்", அடுத்து "அப்டேட்-கிரப்". பிறகு "எக்ஸிட்", ரீஸ்டார்ட். இந்த வரிகள் உபுண்டு, டெபியன், மின்ட் குடும்பத்துக்கு. ஆர்ச்சில் அப்டேட்-கிரப் இல்லை, "கிரப்-எம்கேகான்ஃபிக் -ஓ /பூட்/கிரப்/கிரப்.சிஎஃப்ஜி". ஃபெடோராவில் யூஇஎஃப்ஐ கணினி என்றால் கிரப்2-இன்ஸ்டால் ஓட்டாதீர்கள், ஷிம், கிரப்2-இஎஃப்ஐ பேக்கேஜ்களை ரீஇன்ஸ்டால் செய்வதுதான் முறை, இல்லாவிட்டால் செக்யூர் பூட் தகராறு செய்யும்.

கிரப் திரும்பி வந்தது, மெனுவில் விண்டோஸைக் காணோம் என்றால் அது அழிந்துபோகவில்லை. 2021-இல் வந்த கிரப் 2.06 முதல் மற்ற இயங்குதளங்களைத் தேடுகிற ஓஎஸ்-ப்ரோபர் வசதி பாதுகாப்புக் காரணத்தால் இயல்பாகவே அணைக்கப்பட்டிருக்கிறது. /ஈடிசி/டிஃபால்ட்/கிரப் ஃபைலில் "கிரப்_டிசேபிள்_ஓஎஸ்_ப்ரோபர்=ஃபால்ஸ்" என்ற வரியைச் சேர்த்து (ஃபால்ஸ் என்பதைத் தவிர மற்றதெல்லாம் பெரிய எழுத்தில்) மறுபடி அப்டேட்-கிரப் கொடுங்கள்.

யூஇஎஃப்ஐ கணினியில் நேராக விண்டோஸுக்குப் போகிறது என்றால் முதலில் யூஇஎஃப்ஐ செட்டிங்ஸ் திரைக்குள் போய் பூட் வரிசையைப் பாருங்கள். லினக்ஸின் பெயர் அங்கே இருந்தால் மேலே நகர்த்தினால் முடிந்தது. பெயரே இல்லையென்றால் இஎஃப்ஐ பார்ட்டிஷனை நகர்த்தியதில் அல்லது புதிதாக உருவாக்கியதில் பதிவு செல்லாமல் போயிருக்கும், ஏனென்றால் மதர்போர்டின் நினைவில் இருக்கிற அந்தப் பதிவு பார்ட்டிஷனின் அடையாள எண்ணைச் சொல்லித்தான் தேடுகிறது. சிஹெச்ரூட் வழியில் கிரப்-இன்ஸ்டால் ஓட்டினால் புதுப் பதிவு தானாக உருவாகும், "இஎஃப்ஐபூட்எம்ஜிஆர் -வி" என்று அடித்து அது இருக்கிறதா என்று சரிபார்த்துக்கொள்ளலாம்.

மெனு வருகிறது, லினக்ஸ் பாதியில் நிற்கிறது

இடம் சேர்ப்பதற்காக ஸ்வாப் பார்ட்டிஷனை (நினைவகம் போதாதபோது லினக்ஸ் பயன்படுத்தும் இடம்) அழித்துவிட்டு வேறோர் இடத்தில் புதிதாகப் போட்டிருப்பீர்கள். புது ஸ்வாப்புக்குப் புது யூயூஐடி. எஃப்எஸ்டேப்பில் பழையதே இருக்கிறது, லினக்ஸ் அதற்காக ஒரு நிமிடம் முப்பது விநாடி காத்திருக்கிறது. ஸ்வாப் என்றால் காத்திருந்துவிட்டுப் போய்விடும், ஹோம் பார்ட்டிஷன் மாதிரி அவசியமானது என்றால் எமர்ஜென்சி மோட். தாளில் இருக்கிற யூயூஐடியையும் /ஈடிசி/எஃப்எஸ்டேப் ஃபைலில் இருப்பதையும் வரி வரியாக ஒப்பிட்டு மாறியிருப்பதைத் திருத்துங்கள். உபுண்டு, டெபியனில் இன்னோர் இடத்திலும் ஸ்வாப்பின் யூயூஐடி ஒளிந்திருக்கக்கூடும்: /ஈடிசி/இனிட்ராம்எஃப்எஸ்-டூல்ஸ்/கான்ஃப்.டி/ரெஸ்யூம். அதையும் மாற்றிவிட்டு "சூடோ அப்டேட்-இனிட்ராம்எஃப்எஸ் -யூ" கொடுங்கள்.

விண்டோஸ் மட்டும் வரவில்லை

விண்டோஸ் பார்ட்டிஷனை வலது ஓரத்திலிருந்து சுருக்கியிருந்தால் இது அதிகம் வராது. அதன் தொடக்கத்தை நகர்த்தினால்தான் வரும், அதிலும் எம்பிஆர் டிஸ்க்கில். அங்கே பிசிடி என்ற பதிவேடு டிஸ்க்கின் கையொப்ப எண்ணையும் பார்ட்டிஷன் எந்தப் பைட்டில் தொடங்குகிறது என்பதையும் வைத்துத்தான் விண்டோஸை அடையாளம் காண்கிறது, தொடக்கம் மாறினால் ஆளே மாறியது போல.

விண்டோஸ் இன்ஸ்டால் பென் டிரைவிலிருந்து பூட் செய்து, முதல் திரையிலேயே ஷிஃப்ட், எஃப்10 இரண்டையும் சேர்த்து அழுத்துங்கள், கமாண்ட் ப்ராம்ப்ட் திறக்கும். யூஇஎஃப்ஐ கணினியில் முதலில் இஎஃப்ஐ பார்ட்டிஷனுக்கு ஓர் எழுத்து கொடுக்க வேண்டும்:

டிஸ்க்பார்ட்
லிஸ்ட் வால்யூம்
செலக்ட் வால்யூம் 3
அசைன் லெட்டர்=எஸ்
எக்ஸிட்

3 என்பது என் உதாரணம். பட்டியலில் ஃபேட்32 என்று போட்டிருக்கிற சிறிய வால்யூமின் எண்ணைக் கொடுங்கள், செருகியிருக்கிற பென் டிரைவும் ஃபேட்32 ஆக இருக்கலாம், அளவைப் பார்த்துப் பிரித்துக்கொள்ளுங்கள். அடுத்து விண்டோஸ் எந்த எழுத்தில் இருக்கிறது என்று "டிஐஆர் சி:\விண்டோஸ்" போட்டுப் பாருங்கள், இந்தச் சூழலில் அது சி-யாக இல்லாமல் டி, இ என்றுகூட இருக்கும். கண்டுபிடித்ததும்:

பிசிடிபூட் சி:\விண்டோஸ் /எஸ் எஸ்: /எஃப் யூஇஎஃப்ஐ

இது விண்டோஸின் பூட் ஃபைல்களைப் புதிதாக எழுதிவிடும். கிரப்பை அழிக்காது, ஆனால் பூட் வரிசையில் விண்டோஸை முன்னால் கொண்டுவந்து வைத்துவிடும், போய் மாற்றிக்கொள்ளுங்கள்.

பயாஸ் கணினியில் "பூட்ரெக் /ரீபில்ட்பிசிடி" கொடுத்துப் பாருங்கள். இணையத்தில் எங்கே பார்த்தாலும் முதல் வரியாக "பூட்ரெக் /ஃபிக்ஸ்எம்பிஆர்" என்று எழுதிவைத்திருக்கிறார்கள், டூயல் பூட் வைத்திருக்கிறவர் அதைக் கண்ணை மூடிக்கொண்டு அடிக்கக் கூடாது, முதல் செக்டரில் இருக்கிற கிரப்பின் நிரலை அது விண்டோஸின் நிரலால் மேலெழுதிவிடும். அடித்துவிட்டீர்கள் என்றாலும் ஒன்றும் கெட்டுப்போகவில்லை, விண்டோஸ் சரியானபின் லைவ் பென் டிரைவ் வழியில் கிரப்பை மறுபடி நிறுவிக்கொள்ளலாம்.

சுருக்கிய பிறகு முதல்முறை விண்டோஸ் வரும்போது தானாகவே டிஸ்க்கைச் சோதிக்க ஆரம்பிக்கும், அதை நடுவில் நிறுத்தாதீர்கள்.

வேலை நடுவில் நின்றுபோயிருந்தால்

மின்சாரம் போனது, லேப்டாப் சார்ஜ் தீர்ந்தது, அல்லது ஜிபார்ட்டெட் பாதியில் பிழை சொல்லி நின்றது. இங்கே மட்டும் மேலே சொன்ன தைரியம் செல்லாது, மெதுவாகப் போக வேண்டும்.

எனக்கு இதில் ஒரு பழைய வலி இருக்கிறது. நண்பர் ஒருவரின் லினக்ஸ் பார்ட்டிஷன் இப்படித்தான் நின்றிருந்தது, திறக்கவில்லை. ஃபைல் சிஸ்டத்தைச் சோதித்துத் திருத்தும் எஃப்எஸ்சிகே ஓட்டினேன், "ஃபைல் சிஸ்டம் சொல்கிற அளவும் பார்ட்டிஷனின் உண்மையான அளவும் பொருந்தவில்லை, நிறுத்தவா" என்று கேட்டது. அந்த வரியைச் சரியாகப் படிக்காமல் நிறுத்த வேண்டாம் என்றேன், பிறகு வந்த ஒவ்வொரு கேள்விக்கும் ஆம் என்றேன். பார்ட்டிஷனின் எல்லைக்கு வெளியே இருந்த பகுதியை எல்லாம் அது இல்லாதது என்று எடுத்துக்கொண்டு துண்டித்துப் போட்டது. அவருடைய பல மாத உழைப்பு அந்தப் பகுதியில் இருந்தது. எல்லையை மட்டும் பழைய இடத்துக்கு நீட்டியிருந்தால் எல்லாம் அப்படியே கிடைத்திருக்கும்.

ஆகவே அந்தச் செய்தி வந்தால் நிறுத்தவா என்பதற்கு ஆம் என்று சொல்லி வெளியே வாருங்கள். சுருக்கும்போது ஃபைல் சிஸ்டம் முதலில் சுருங்க வேண்டும், பிறகுதான் பார்ட்டிஷன், நீட்டும்போது இதற்கு நேர்மாறு. அந்த வரிசை தப்பியதால்தான் இந்தச் செய்தி. "சூடோ டம்ப்இ2எஃப்எஸ் -ஹெச் /டெவ்/எஸ்டிஏ5" என்று அடித்தால் பிளாக் எண்ணிக்கையும் ஒரு பிளாக்கின் அளவும் வரும், இரண்டையும் பெருக்கினால் ஃபைல் சிஸ்டம் எதிர்பார்க்கிற அளவு கிடைக்கும். பார்ட்டிஷனின் தொடக்கத்தைத் தொடாமல் அதன் முடிவை மட்டும் அந்த அளவுக்கு நீட்டுங்கள், பார்ட்டெடில் "ரீசைஸ்பார்ட்" என்ற கட்டளை இதற்குத்தான். பின்னால் வேறு பார்ட்டிஷன் வந்து உட்கார்ந்து நீட்ட இடமில்லை என்றால் அங்கேயே நிறுத்திவிட்டு டிஸ்க் முழுவதையும் நகல் எடுங்கள். நீட்ட முடிந்தால் "சூடோ இ2எஃப்எஸ்சிகே -எஃப் -என் /டெவ்/எஸ்டிஏ5" என்று முதலில் எதையும் எழுதாமல் சோதனை மட்டும் செய்யுங்கள். பிழைகள் கொஞ்சமாக இருந்தால் -என் இல்லாமல் ஓட்டலாம், திரை நிறையக் கொட்டினால் கை வைக்காதீர்கள், நகல்தான்.

பார்ட்டிஷனே காணவில்லை என்றால் டெஸ்ட்டிஸ்க். கிறிஸ்டோஃப் கிரெனியே எழுதிய இலவச மென்பொருள், லைவ் லினக்ஸில் நிறுவிக்கொள்ளலாம். அனலைஸ், பிறகு குயிக் செர்ச் கொடுத்தால் பழைய எல்லைகளைத் தேடிப் பட்டியலிடும். ஒவ்வொன்றின் மீதும் பி என்ற எழுத்தை அழுத்தினால் உள்ளே இருக்கிற ஃபைல்களைக் காட்டும், உங்கள் ஃபைல்கள் கண்ணுக்குத் தெரிந்தபின்தான் ரைட் கொடுக்க வேண்டும். ஜிபிடி டிஸ்க்காக இருந்தால் அட்டவணையின் இன்னொரு பிரதி டிஸ்க்கின் கடைசியில் இருக்கிறது, முன்பக்கத்து அட்டவணை கெட்டிருந்தால் ஜிடிஸ்க் மென்பொருளின் ரெக்கவரி மெனுவிலிருந்து அதைத் திரும்ப எடுக்கலாம்.

பார்ட்டிஷனை இடம் நகர்த்தும்போது, அதாவது தொடக்கத்தை மாற்றும்போது நின்றிருந்தால் நிலைமை கடினம். பாதித் தரவு புது இடத்தில், பாதி பழைய இடத்தில், நடுவில் ஒன்றின் மேல் ஒன்று எழுதியிருக்கவும் கூடும். எந்தப் பழுதுபார்ப்பு மென்பொருளையும் அதன்மேல் ஓட்டாமல், டிடிரெஸ்க்யூ கொண்டு அதே அளவோ பெரியதோ ஆன வேறு டிஸ்க்குக்கு முழு நகல் எடுத்து, அந்த நகலின்மேல் ஃபைல்களை மீட்டெடுக்கும் ஃபோட்டோரெக் ஓட்டிப் பாருங்கள். ஃபைல் பெயர்கள் கிடைக்காது, ஆனால் படங்களும் ஆவணங்களும் ஓரளவு வரும்.

இரண்டும் பூட் ஆனபின்

விண்டோஸில் ஒருமுறை, லினக்ஸில் ஒருமுறை, மறுபடி விண்டோஸில் ஒருமுறை என்று மாற்றி மாற்றிப் பூட் செய்து பாருங்கள். விண்டோஸின் பவர் செட்டிங்ஸில் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் வசதியை அணைத்துவிடுங்கள். அது இருக்கும்வரை ஷட்டவுன் செய்தாலும் விண்டோஸ் பாதித் தூக்கத்தில்தான் இருக்கும், அந்த நிலையில் அதன் பார்ட்டிஷனை லினக்ஸ் பக்கமிருந்து மாற்றக் கூடாது. அடுத்த முறை இடம் தேவைப்பட்டால் விண்டோஸ் பார்ட்டிஷனை விண்டோஸின் டிஸ்க் மேனேஜ்மென்டிலேயே சுருக்குங்கள், லினக்ஸ் பார்ட்டிஷனை லைவ் பென் டிரைவிலிருந்து மாற்றுங்கள். எம்பிஆர் டிஸ்க்கில் புதுப் பார்ட்டிஷன் உருவாக்கும்போது "டைனமிக் டிஸ்க்காக மாற்றவா" என்று விண்டோஸ் கேட்டால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். அப்புறம் அந்த எஸ்எஃப்டிஸ்க் ஃபைலை இப்போதைய நிலையில் புதிதாக ஒன்று எடுத்து, இந்தக் கணினியில் இல்லாமல் வேறோர் இடத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.